கரும்பு வில்லோடு பதுளைக்குப் போன நாள்

பிள்ளைகளே, உங்கள் அத்தை ஆடப் போகும் ஊர்களுக்கு அப்பா ஏன் கூடப் போவதில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எழுபத்தாறாம் வருஷம் பதுளைக்குப் போய்வந்த ஒரு நாளை எழுதி வைக்கிறேன். படித்துக்கொள்ளுங்கள். நான் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தவன். பிழை இருக்கும்.

காலை ஐந்து மணிக்குத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டுப் புறப்பட்டோம். நான், என் தங்கச்சி லெச்சுமி, தப்பு அடிக்கிற ஆறுமுகம் அண்ணன், மூன்று பேர். பஸ் ரோட்டுக்கு இரண்டு மைல் இறக்கம். லெச்சுமிக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. மலையில் ஏறிக் கொழுந்து பறிக்க முடியாததால், தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்தச் சுவரில் அவள் செம்மண்ணாலும் துணிக்குப் போடும் நீலத்தாலும் வரைந்த யானைகள் நீங்கள் பிறந்தபோதும் இருந்தன. கோயிலுக்கு மண் பொம்மை செய்வாள். பாட்டுக் கட்டுவாள். மாசி மாதக் காமன் கூத்துக்கு ரதியின் உடுப்பைத் தைப்பவளும் அவள்தான்.

ஆனால் ரதியாக ஆடுவது ஆம்பிளைதான். அதுதான் வழக்கம். மன்மதன் எரிந்தபின் ரதி தாலியைக் கழற்ற வேண்டும். ஒரு பெண் அதைச் செய்தால் அவள் வாழ்க்கைக்கு ஆகாது என்பார்கள். அந்த ஆம்பிளைக்கு நடையும் அழுகையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒன்பது வருஷம் வேலி ஓரத்தில் நின்று பார்த்தவள் லெச்சுமி. பதுளை மண்டபத்தில் தனி நடிப்புப் போட்டிக்குப் பேர் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, ஒரே ஒரு தடவ நானே ரதியா நிக்கணும்."

பெரகலயில் பஸ் மாறி அப்புத்தளை. அங்கே பால் ஊற்றாத ஒரு பிளேன்டீ பதினைந்து சதம். எட்டேகாலுக்கு ரயில். மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஆளுக்கு ஒரு ரூபாய் எழுபது.

பண்டாரவளையில் ஏறிய துணிக்கடை முஸ்லிம் நானா ஒருவர் எங்கள் எதிரில் உட்கார்ந்தார். லெச்சுமியின் ஊன்றுகோலையே பார்த்தார். மன்மதனின் கரும்பு வில் மாதிரி, கணுக்கணுவாகச் சிவப்பும் கறுப்பும் பூசியிருந்தாள்.

"என்ன தங்கச்சி, கரும்ப ஊண்டிக்கிட்டு வாறீங்க?"

"கடிச்சுப் பாருங்க நானா. பல்லு போனா என்னையக் கேக்கக்கூடாது."

நானா சிரித்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரதி அழகியாச்சே, இப்படி நொண்டலாமா?" என்றார்.

"புருசன் சாம்பலாப் போன பொறகு எவ நானா நேரா நடப்பா? அவன் வில்லத்தான் ஊண்டிக்கிட்டு நடப்பா."

நானா அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. இறங்கும்போது தன் பையிலிருந்து இரண்டு ஆரஞ்சுப் பழம் எடுத்துக் கொடுத்தார்.

தெமோதரையில் ரயில் ஸ்டேஷனை விட்டுச் சுற்றிப்போய், அதே ஸ்டேஷனுக்கு அடியில் குகைக்குள் நுழைகிறது. பார்க்க வேண்டிய காட்சி. லெச்சுமி பார்க்கவில்லை, பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஹாலிஎல தாண்டி, பத்தேமுக்காலுக்குப் பதுளை.

மண்டபத்து வாசலில் பேர் பதிந்தவர் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயா. என்னைப் பார்த்து, "ரதி வேசம் கட்டுறது நீரோ?" என்றார்.

"இல்லீங்க ஐயா, என் தங்கச்சி."

பேனாவைக் கீழே வைத்தார். "பொம்பிளைப் பிள்ளையோ? குமர்ப்பிள்ளை ஒண்டு சபைக்கு முன்னாலை தாலி கழட்டுறதோ? நாளைக்கு அவவுக்கு ஒரு கலியாணம் நடக்க வேண்டாமே? ஆர் பதில் சொல்லுறது?"

தோட்டத்துப் பெரியவர்கள் சொன்ன அதே பேச்சு. லெச்சுமி என் பின்னால் நின்றாள். இத்தனை தூரம் வந்து திரும்பிப் போவதா என்று எனக்குப் பதறியது. எப்படியாவது அவளை மேடையில் ஏற்றிவிட வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

"அவ காலப் பாருங்கய்யா. இவளுக்கு யாருங்க தாலி கட்டப் போறா? அதனால ஒண்ணும் ஆயிராதுங்க."

ஐயா காலைப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்று பேனாவை எடுத்தார். "என்ன தொழில்?"

"படம் போடுவேன், பொம்ம செய்வேன், பாட்டுக் கட்டுவேன், ஆடுவேன்" என்றாள் லெச்சுமி.

"ஒண்டைச் சொல்லும் பிள்ளை" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் தோட்டத் தொழிலாளி என்று எழுதிக்கொண்டார்.

மூன்று மணிக்கு அவள் முறை. ஐயாவே மைக்கில் சொன்னார்: "அடுத்ததா கால் ஏலாத ஒரு பிள்ளை. பாவம், பிழை இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கோ."

ஆறுமுகம் அண்ணன் தப்பை எடுத்தார். நல்ல காலுக்கு ஒரு அடி, சூம்பிய காலுக்கு அடியே இல்லாமல் ஒரு இடைவெளி. அவளே அம்பு விட்டாள், அவளே எரிந்தாள், அவளே சாம்பலை அள்ளினாள். நொண்டுவது நடிப்பா நிஜமா என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் மஞ்சள் கயிற்றைக் கழற்றினாள். நெருப்பில் எறிய வேண்டிய கயிறு. அவள் எறியவில்லை. கரும்பு வில்லில் கட்டி மூன்று முடிச்சுப் போட்டு, அதையே ஊன்றிக்கொண்டு மேடையை விட்டு நடந்தாள். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது இது கிடையாது.

பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். "அழப்பண்ணிப் போட்டாள், பாவம்" என்றார் ஐயா. ஆறுதல் பரிசாக ஒரு சோப்புப் பெட்டி கொடுத்தார்கள்.

ஐந்து மணி ரயிலில் திரும்பினோம். ரயில் எல்ல ஸ்டேஷனைத் தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அண்ணே, அந்த ஐயா கேட்டப்ப, 'அவ நல்லா ஆடுவா'ன்னு ஒனக்குச் சொல்லத் தோணலியா?"

ஆறுமுகம் அண்ணன் தப்பைத் துணியில் சுற்றுவது மாதிரிக் குனிந்துகொண்டார்.

பிள்ளைகளே, அதன்பின் உங்கள் அத்தை எத்தனையோ ஊர்களில் ரதியாக நின்றுவிட்டாள். வாசலில் கேட்பவர்களுக்கு அவளே பதில் சொல்லிக்கொள்கிறாள். ஆறுமுகம் அண்ணனை மட்டும் அழைத்துப் போகிறாள். நான் வேலையாகப் பதுளைக்குப் பல தடவை போயிருக்கிறேன், அந்த மண்டபத்தைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். அவள் ரதியை மட்டும் பிறகு நான் பார்க்கவே இல்லை.