அரை இன்ஜின்

பட்டறைக்காரருக்கு அந்தத் தெருவில் 'முழுசு' என்று பெயர். நாளிதழை எடுத்தால் அச்சகத்தின் முகவரி வரை வாசித்துவிட்டுத்தான் மடிப்பார். ஒரு பல் வலிக்கிறது என்று போய், எல்லாப் பல்லையும் பார்க்கச் சொல்லி மருத்துவரைப் பாடாய்ப் படுத்தியவர். இன்ஜின் விஷயத்தில் கேட்கவே வேண்டாம், கடைசி போல்ட்டையும் கழற்றிப் பார்த்தால்தான் அவருக்கு மனம் ஆறும்.

அவருடைய தங்கை பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஓட்டினாள். விடுமுறை முடியும் நேரத்தில் வேன் கடகடவென்று சத்தம் போட்டு நடுரோட்டில் நின்றது. இழுத்து வந்து பிரித்தார்கள். ஆயில் பம்ப் செத்திருந்தது. ஆயில் ஏறாததால் பேரிங்குகள் தேய்ந்து, கிராங்கும் பிளாக்கும் காயப்பட்டிருந்தன.

"முழுசாப் பிரிச்சு வேலை பாக்கணும். கிராங்க், பிளாக் ரெண்டும் கடைஞ்சு சீராக்க லேத்துக்குப் போகணும்" என்றார்.

"லேத்துக்காரர் கைக்குப் போன சாமான் என்னைக்கு சொன்ன நாள்ல வந்திருக்கு? திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது அண்ணா. முதல் நாளே வண்டி வரலைன்னா எல்லாரும் வேற வேன் பாத்துக்குவாங்க. போனவங்க திரும்பி வரமாட்டாங்க. அரை இன்ஜின் போடு."

அரை இன்ஜின் என்பது கீழ்ப்பாதி. பிளாக், கிராங்க், பிஸ்டன் எல்லாம் தொழிற்சாலையிலேயே கோத்து வரும். அதன்மேல், வால்வுகள் இருக்கும் மேல்பாதியான பழைய ஹெட்டை வைத்துப் பூட்டிவிடலாம்.

"புதுக் கால்சட்டைக்குப் பழைய சட்டை போட்ட மாதிரி இருக்கும்" என்று முகம் சுளித்தார்.

"சட்டை கிழியலைன்னா உனக்கென்ன?"

முழுதாகப் பிரித்து மாட்டிய இன்ஜினில் ஒவ்வொரு போல்ட்டும் அவர் கை முறுக்கியது. அரை இன்ஜினிலோ, முகம் தெரியாத ஒருவர் முறுக்கியதை நம்பியாக வேண்டும். எல்லாவற்றையும் பிரிப்பது நேர்த்திக்காக என்றே இத்தனை காலம் நினைத்திருந்தார். நேர்த்தி பாதிதான் என்றும், மற்றவர் கைமேல் இருந்த சந்தேகம் மீதி என்றும் அன்றைக்குத்தான் லேசாக உறைத்தது.

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. ஹெட்டைக் கழுவி, அதன் முகத்தில் இரும்புப் பட்டையை வைத்து வளைவு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. வால்வுகளுக்குப் பின்னால் மண்ணெண்ணெய் ஊற்றி, கசியட்டும் என்று காத்திருந்தார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

"என்ன, அழுதுடுவ போலிருக்கே" என்றாள் தங்கை.

"சரி, அரையே வாங்கு" என்றார்.

கீழ்ப்பாதி சனிக்கிழமை வந்து இறங்கியது. புது ஆயில் பம்பைப் பொருத்தி ஹெட்டையும் பூட்டினார். அடுத்து, ஆயிலின் சூட்டைத் தணிக்கும் ஆயில் கூலரைக் கழற்றி உள்ளிருந்ததை வெள்ளைத் துணியில் கவிழ்த்தார். ஆயிலோடு மினுமினுவென்று உலோகப் பொடி இறங்கியது. தேய்ந்த பேரிங்கின் மிச்சம்.

"கழுவிட்டுப் போடேன்" என்றாள் தங்கை. அவள் குரலில் இப்போது கேலி இல்லை.

"இதோட இண்டு இடுக்கெல்லாம் பொடி நிக்கும். கழுவினாலும் முழுசாப் போகாது. ஓட ஓட ஆயில்ல கலந்து புது பேரிங்கையும் தின்னுடும். வேற கூலர்தான் போடணும். இந்நேரம் கடை சாத்தியிருக்கும், நாளைக்கும் கிடையாது. திங்கக்கிழமை மதியம் ஆயிடும்."

"காலையில பிள்ளைங்க?"

பட்டறை ஓரத்தில் அவருடைய பழைய கார் நின்றது. அதை யாரும் தொட விடமாட்டார். மனைவி ஓட்டக் கேட்டதற்கே மூன்று நாள் யோசித்தவர். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"ரெண்டு தடவையா ஏத்திட்டுப் போ. கிளட்ச்ச மெதுவா விடு."

"வேன் ஓட்டுற எனக்கே சொல்லித் தர்றியா?"

திங்கட்கிழமை காலையில் அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பி, இரண்டு நடையில் எல்லாரையும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஒரு வீடுகூடக் கைவிட்டுப் போகவில்லை. மதியம் புதுக் கூலர் ஏறியது. வேனை முடுக்கிவிட்டு, ஆயில் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு அணையும்வரை அதையே பார்த்திருந்தார். அணைந்தது.

"முழுசாப் பிரிச்சிருந்தா?" என்று கேட்டாள் தங்கை.

"இன்னும் லேத்துக்காரர்கிட்ட கெஞ்சிட்டு இருப்பேன்" என்றார். "கிளம்பு. பள்ளிக்கூடம் விடற நேரம்."