ஜன்னல் திட்டில் வைத்த பிஸ்டல்

இப்போது நான் ஓசூரில் ஒரு கம்பெனியின் பெண்கள் விடுதியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். அதற்கு முன் பதினொரு வருடம் போலீஸில் இருந்தேன். ஏன் விட்டீர்கள் என்று கேட்பவர்களிடம் முதுகுவலி என்று சொல்வேன். விடுதிப் பெண்கள் நம்புகிறார்கள். என் வீட்டுக்காரரும் நம்புகிறார். நடந்ததை ஒருமுறையாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். சொன்னால் மனம் லேசாகும் என்ற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை.

ஆயுதப்படையில் இருந்தபோது ஒரு பெண் அதிகாரிக்குப் பாதுகாவலராக என்னைப் போட்டார்கள். அனுமதி இல்லாமல் எல்லை தாண்டிக் கர்நாடகாவுக்குப் போகும் கல் லாரிகளைப் பிடிப்பது அவருடைய வேலை. கறாரான ஆள். யாரிடமும் கை நீட்டாதவர் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை அவருடைய கார் மேல் டிப்பர் லாரியை ஏற்றப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் பாதுகாப்பு கொடுத்தார்கள். முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"யூனிஃபார்ம் வேண்டாம். துப்பாக்கி வெளிய தெரியவே கூடாது. போலீஸோட சுத்தறேன்னு தெரிஞ்சா ஊர்க்காரங்க யாரும் பக்கத்துல வந்து ஒரு தகவல் சொல்ல மாட்டாங்க. என் ஆபீஸ்ல வேலை செய்யற பொண்ணு மாதிரி இரு."

"சரிங்க மேடம்" என்றேன்.

ஆண்களுக்குப் பிரச்சினை இல்லை. பேண்ட்டில் தடித்த பெல்ட் கட்டி உறையைச் செருகி, சட்டையை வெளியே விட்டுக்கொள்வார்கள். சுடிதாரின் நாடா ஒரு பிஸ்டலைத் தாங்காது. இடுப்புவலிக்காரர்கள் கட்டும் அகலமான எலாஸ்டிக் பட்டையை வாங்கி, அதில் உறையைத் தைத்துக் கட்டிக்கொண்டேன். டாப்ஸை வலது பக்கம் மட்டும் லூஸாகத் தைக்கச் சொன்னபோது டெய்லர் ஏன் என்று கேட்டார். வேறு எதுவும் தோன்றாமல் அங்கே ஒரு கட்டி இருப்பதாகச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவர் கடையைத் தாண்டும்போதெல்லாம் அந்த மனுஷன் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பார். "கட்டி கரைஞ்சுதாக்கா?"

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா ஒருத்தி, "இடுப்புல என்னம்மா இப்டி குத்துது?" என்று கையைக் கொண்டு வந்தாள். சட்டென்று எழுந்துவிட்டேன். அப்புறம் சீட் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டேதான் போவேன். கோடையில் வியர்வை இறங்கிப் பிஸ்டலில் துரு பிடித்தது. ஆயுதக் கிடங்கில் இருந்த ஏட்டையா அதை வாங்கிப் பார்த்து, "ஏம்மா, இத உப்புல போட்டு ஊற வெச்சியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. வாசலில் இருந்து ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டவளுக்கு நெற்றியில் அடிபட்டு வீங்கிவிட்டது. மறுநாளிலிருந்து ஓடிவருவாள், ஆனால் நாலடி தள்ளி நின்று, "அம்மா, கழட்டிட்டியா?" என்று கேட்பாள்.

பிஸ்டலை ஒரு கயிற்றால் பெல்ட்டோடு கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. ஒருநாள் அந்தக் கயிறு டாப்ஸுக்குக் கீழே தொங்கியதை மேடம் பார்த்துவிட்டார். "அது என்ன வால் மாதிரி?" என்றார். அவிழ்த்து வீட்டு அலமாரியில் வைத்துவிட்டேன்.

இவை எல்லாவற்றையும்விடக் கழிவறைதான் பெரிய துன்பம். ஆயுதம் உடலை விட்டுப் பிரியக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தவர் நின்றுகொண்டே முடித்துவிட்டு வருகிறவர். நாங்கள் நாடாவை அவிழ்த்து, பட்டையைத் தளர்த்தி, டாப்ஸைச் சுருட்டி வாயில் கவ்விக்கொண்டு குந்த வேண்டும். அப்போது உறை பக்கவாட்டில் சரிந்து ஈரத் தரையைத் தொடும். நெடுஞ்சாலை ஹோட்டல் கழிவறைக் கதவுகளில் கொக்கிகூட இருக்காது. அதனால் காலையில் டீ குடிப்பதை விட்டேன். மத்தியானம் வரை தண்ணீர் குடிக்க மாட்டேன். இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து ஊசி போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். முற்பகல். எனக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள். ஒரு மணி நேரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடியாமல் போனபோது மேடத்திடம் சொன்னேன். குந்தாரப்பள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஹோட்டலில் காரை நிறுத்தச் சொன்னார். "கலெக்டர் மீட்டிங் இருக்கு. அஞ்சு நிமிஷம்" என்றார்.

பெண்கள் கழிவறையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் வாளியை நகர்த்தி வழிவிட்டாள். "கடைசி ரூமுக்குப் போம்மா, அதுலதான் தண்ணி வருது" என்றாள். உள்ளே போனேன். பட்டை முழுவதும் கறை பட்டுவிடும் போலிருந்தது. அதனால் பட்டையோடு பிஸ்டலைக் கழற்றி, தலைக்கு மேல் சின்ன ஜன்னலின் திட்டில் வைத்தேன். வைத்தபோது, மறக்கக் கூடாது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன். துணி மாற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மேடம். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். அவசர அவசரமாக நாடாவை முடிந்துகொண்டு ஓடினேன்.

குந்தாரப்பள்ளியில் அன்று சந்தை. மாடு ஏற்றிய வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. கார் நகரவில்லை. நான் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு உடம்பு சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை ஒரு நிமிஷம் போல அனுபவித்துவிட்டு, அப்புறம்தான் ஏன் என்று யோசித்தேன். கை தானாக இடுப்புக்குப் போனது.

"மேடம், பிஸ்டல வெச்சிட்டு வந்துட்டேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். "எங்க?"

"பாத்ரூம்ல."

நான் கெஞ்சினேன். போய் எடுத்துவிடலாம், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. யாராவது எடுத்துச் சுட்டுவிட்டால் யார் பதில் சொல்வது என்று சொல்லி, இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். அவர் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மாடு ஏற்றிய வண்டிகளுக்கு நடுவில் காரைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் போலீஸ் ஜீப் எங்களுக்கு முன்னால் அங்கே போய்விட்டது.

நாங்கள் போனபோது ஹோட்டல் மேனேஜர், சப்ளையர்கள், சாப்பிட வந்தவர்கள் என்று கூட்டம் கூடியிருந்தது. கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் செய்தித்தாளை விரித்து அதன் மேல் பிஸ்டலை வைத்திருந்தார்கள். ஈரமாக இருந்தது. ஒரு தோட்டாவும் குறையவில்லை. அந்த அம்மா கையில் ஈரத்துணியோடு இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றாள்.

"எடுத்துக் குடுத்ததே நாந்தானுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "கழுவலாம்னு உள்ள போனன், திட்டு மேல இருக்குது. வெளிய கொண்டாந்தா ஆளாளுக்குக் கை வெப்பாங்க, வெடிச்சிரும்னு வாளியில வெச்சித் துணியப் போட்டு மூடனன். உட்டுட்டுப் போனவங்க தேடினு வருவாங்க, அவங்க கையிலியே குடுத்தர்லாம்னு அங்கியே நின்னுனு இருந்தன். நீங்க வந்து கேட்டதும் குடுத்துட்டனே."

"வெடிக்கும்னு உனக்கு எப்டித் தெரியும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்கூட்டுக்காரரு நாட்டுத் துப்பாக்கி வெச்சினு இருந்தாருங்க. காட்டுப் பன்னிக்கு."

"எந்த ஊரு?"

"நாட்றாம்பாளையமுங்க. அஞ்செட்டி தாண்டி."

"கேஸ் ஏதாவது?"

"அதுலதான் அவர உள்ள வெச்சாங்க. வந்தப்பறம் செத்துட்டாரு."

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்ற ஸ்டேஷன் ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் குறித்துக்கொண்டார். அவள் கேட்காததையெல்லாம் சொல்லிக்கொண்டு போவதைப் பார்த்து, வாயை மூடு என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை.

மேனேஜர் அறையில் நானும் மேடமும் இன்ஸ்பெக்டரும் மட்டும் உட்கார்ந்தோம்.

"ஏம்மா, சர்வீஸ் பிஸ்டல கக்கூஸ்ல மறந்துட்டேன்னு எழுதினா என்ன ஆகும்னு தெரியுமில்ல? சஸ்பென்ஷனோட நிக்காது" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியும் அய்யா."

"கைப்பையில வெச்சிருந்த. பைய வாஷ் பேசின் மேல வெச்சிட்டு மொகம் கழுவுன. அவ எடுத்துட்டா. நாங்க வாளிக்குள்ள இருந்துதான எடுத்தோம்? அது பொய்யில்லையே."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தவர், தலை நிமிராமல் பேசினார்.

"இது வெளிய போனா லாரிக்காரனுங்க சிரிப்பானுங்க. என் பாடிகார்டு துப்பாக்கிய கக்கூஸ்ல போட்டுட்டு வந்தான்னு சொல்லியே என்னை மாத்திடுவாங்க. இவ்வளவு நாள் செஞ்சதெல்லாம் வீணாயிடும்." பேப்பர்வெயிட்டைக் காகிதங்கள் மேல் வைத்தார். "நான் எதையும் சொல்லல. நீ யோசிச்சு எழுது. உனக்கும் ஒரு பொண்ணு இருக்கு."

யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். ரைட்டரை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் எழுதிக் கொடுத்ததை வாங்கினேன். என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். தேதி போட மறந்ததை ரைட்டர் சுட்டிக்காட்டினார். அதையும் போட்டேன்.

வெளியே வந்தபோது அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் தெளிந்தது. சாட்சி கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

"நீதானம்மா உள்ள போன? நான் வாளிய நகத்தி வழி உட்டனே? கடைசி ரூமுக்குப் போன்னு சொன்னனே? சொல்லும்மா இவங்களுக்கு."

நான் கார்க் கதவைத் திறந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். எழுதி வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்த பிஸ்டல் மறுபடியும் என் இடுப்பில் இருந்தது. இடுப்பு நனைந்தது. கலெக்டர் மீட்டிங்குக்கு அரை மணி நேரம்தான் தாமதம்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் பேப்பரைச் சத்தமாகப் படித்தார். பெண் காவலரின் துப்பாக்கியைத் திருடிய துப்புரவுத் தொழிலாளி கைது. "நல்லவேளை உடனே புடிச்சிட்டாங்க. எப்படிப்பட்ட ஜனங்க பாரு" என்றார். நான் தோசையைத் திருப்பிப் போட்டேன். அவளைச் சேலம் பெண்கள் சிறைக்கு அனுப்பியிருந்தார்கள். ஜாமீன் எடுக்க யாரும் வராததால் இரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே கிடந்தாள். ஹோட்டலில் அவள் தங்கியிருந்த பின்கட்டு அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு, பையைக் கவனமாக வைத்துக்கொள்ளவில்லை என்று ஒரு எச்சரிக்கை வந்தது. அவ்வளவுதான். ஆறு மாதத்தில் மேடத்தை மாற்றத்தான் செய்தார்கள். அதற்கும் பிஸ்டலுக்கும் சம்பந்தமில்லை.

வழக்கு விசாரணைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. நான்தான் முதல் சாட்சி. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தேன். கூண்டில் ஏறியதும் அது போய்விட்டது. இலவசச் சட்ட உதவியில் அவளுக்குக் கிடைத்த வக்கீல் சின்னப் பையன் போல இருந்தார். காகிதத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்டார்.

"பிஸ்டலைக் கைப்பையில்தான் வைத்திருந்தீர்களா? வேறு எங்காவது வைத்தீர்களா?"

கதவை அவரே திறந்து வைத்துவிட்டார். ஒரு வாக்கியம் போதும். அவள் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இளைத்திருந்தாள். என்னையே பார்த்தாள்.

"சரியா ஞாபகம் இல்லீங்க."

எத்தனை முறை கேட்டும் அதையே சொன்னேன். அரசு வக்கீல் எரிச்சலோடு என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொன்னார். அதற்காக மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதில் எழுத உட்கார்ந்தேன். எந்தப் பொய்யை எழுதுவது என்று தெரியவில்லை. ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதைத் தைரியம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். தைரியம் இருந்திருந்தால் கூண்டிலேயே சொல்லியிருப்பேன்.

தீர்ப்பு நாளன்று போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அவளை விடுவித்தார்கள். திருடவில்லை என்று யாரும் சொல்லவில்லை. நிரூபிக்கவில்லை என்றுதான் சொன்னார்கள். அவளுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. வக்கீல், "போலாம்மா, முடிஞ்சிது" என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் நகர்ந்தாள்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் தனியாக நின்றிருந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. பக்கத்தில் போனேன்.

"அக்கா."

திரும்பினாள். என்னை அடையாளம் தெரிந்தது. முகத்தில் கோபமோ அழுகையோ எதுவும் வரவில்லை.

"அன்னிக்கு நான்... திட்டு மேல வெச்சது நான்தான்க்கா. எனக்குத் தெரியும். சொல்லியிருக்கணும்."

கோர்ட்டில் சொல்ல வேண்டியதை, அங்கே அந்த வெயிலில், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னேன். அவள் என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்செட்டிப் பஸ்ஸு வருது பாரு, தள்ளிக்கம்மா" என்றாள். "இத உட்டா அங்க எங்கூருப் பஸ்ஸு கெடைக்காது."

நான் நகர்ந்து வழிவிட்டேன். அவள் ஏறினாள். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டியபடி நின்றாள். பஸ் புறப்பட்டுப் போனது.