மூன்று ஞாயிறும் வாசிக்கட்டும்

கற்பிட்டியில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஒரு திருமணம் நடக்குமுன், மூன்று ஞாயிறு பூசையில் மணமக்களின் பெயரையும் ஊரையும் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். இதை ஓலை வாசிப்பது என்போம். என் மகளுக்குச் சிலாபப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவர் பொருந்தி வந்தார். அவருக்கு ஒரே அவசரம். நானும் பாதரிடம் போய், "ஒரு ஞாயிறோட முடிச்சு விடுங்களேன் பாதர், பிள்ளைக்கு வயசு போகுது" என்று கெஞ்சினேன்.

"ரெண்டு கிழமையில வயசு ஓடிப் போயிடாது அம்மா. மூண்டு தரமும் வாசிப்பம், அவர்ட ஊரிலயும் வாசிப்பினம்" என்றார்.

இரண்டாம் ஓலை வாசித்த அன்று பின்னேரம், சிறுமி ஒருத்தியைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் எங்கள் வாசலில் நின்றாள்.

"சண்டைக்கு வரேல்ல அக்கா. என்னை விட்டுட்டுப் போன மனுசன் எங்க இருக்கிறார் எண்டதே, அவர்ட ஊரில ஓலை கேட்ட சொந்தக்காரர் போனில சொல்லித்தான் தெரிஞ்சுது."

சிறுமியின் முகம் அப்படியே மாப்பிள்ளையின் முகம். என் மகள்தான் அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள்.

பாதர் கூப்பிட்டு விசாரித்தபோது, "கோர்ட்டில விவாகரத்து எடுத்துட்டு வாறன்" என்றார் மாப்பிள்ளை.

"கோர்ட்டு தரலாம். கோயில்ல குடுத்த வாக்கு அப்பிடியேதான் இருக்கு. முதல்ல போய் அந்தப் பிள்ளையைப் பாரும்" என்று சொல்லிப் பாதர் ஓலையை நிறுத்திவிட்டார்.

முன்பெல்லாம் ஓலை வாசிக்கும் நேரத்தில் காணிக்கைக் காசைத் தேடிக்கொண்டிருப்பேன். இப்போது பெயரையும் ஊரையும் கவனமாகக் கேட்கிறேன். வெளியூர் உறவினருக்கும் போனில் சொல்கிறேன். அதைக் கேட்க எங்காவது ஒருத்தி காத்திருக்கலாம்.