சங்கிலிப்பாண்டி தலையை ஆட்டினார்

சங்கிலிப்பாண்டிக்குக் காது கேட்காது என்பது அவர் மனைவி மாரிச்செல்வியைத் தவிர யாருக்கும் தெரியாது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருபது வருடங்களுக்கு மேலாக நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின் ஓட்டுகிறவர். அந்த மெஷின்கள் வரிசையாக ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் உள்ளே வேலை பார்க்கிறவர்கள் எல்லோருமே உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். சாப்பிடப் போவோமா, மேஸ்திரி வருகிறார், மகளுக்கு மாப்பிள்ளை அமைந்ததா, எல்லாம் உதட்டசைவும் கைச்சாடையும்தான். எல்லோருமே செவிடாக நிற்கிற இடத்தில் ஒருவர் நிஜமாகவே செவிடானது யாருக்குத் தெரியப்போகிறது?

வெளியில்தான் சிக்கல். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு. தெருவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பாதி புரியும், மீதிக்குச் சிரித்தபடி தலையை ஆட்டிவிடுவார். அது பெரும்பாலும் பொருந்திவிடும். எதற்கும் மறுத்துப் பேசாத தங்கமான மனுசன் என்று பேர் வேறு வாங்கியிருந்தார்.

டாக்டரிடம் போவோம் என்று மாரிச்செல்வி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

“செவிடன அவிய மெஷின்ல விடுவாவளா? வீட்டுக்கு அனுப்பிருவாவ. மக படிப்பு முடியட்டும், பொறவு பாப்போம்” என்பார். மகள் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறாள்.

இந்த நேரத்தில்தான், வெளிநாட்டிலிருந்து நூல் வாங்குகிறவர்கள் மில்லைப் பார்க்க வருகிறார்கள் என்று எல்லோருக்கும் மாஸ்க் கொடுத்தார்கள். கழற்றவே கூடாது என்று உத்தரவு. இத்தனை வருடம் நெஞ்சுக்குள் போன பஞ்சுத் தூசியைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்குத் திடீரென்று அக்கறை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அது போகட்டும், நல்ல காரியம்தான். ஆனால் சங்கிலிப்பாண்டி நிமிர்ந்து பார்த்தால் எங்கும் கண்கள்தான் இருந்தன, ஒரு வாயும் இல்லை. மற்றவர்கள் சாடையில் சமாளித்தார்கள். அவர் தனக்குத் தெரிந்த வழியில் சமாளித்தார். யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டினார்.

அந்த வாரமே ஒரு நாள், பக்கத்து மெஷின்களும் நின்று சத்தம் அடங்கியிருந்த நேரத்தில், பழுது பார்க்கும் பிட்டர் சிவபாண்டி அவருடைய மெஷினை நிறுத்தி, கடைசியில் இருக்கும் கியர் மூடியைத் திறந்தான். புதிதாகக் கல்யாணமான பையன். அண்ணாச்சி, அண்ணாச்சி என்று இவரிடம் அப்படி ஒரு ஒட்டுதல். கொஞ்ச நேரம் வேலை பார்த்தவன் எழுந்து வந்து ஏதோ சொன்னான். மாஸ்க் அசைந்தது. இரண்டு கையிலும் சாமான் இருந்ததால் சாடை காட்டவில்லை. வேலை முடிந்துவிட்டது, ஓட்டச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு சங்கிலிப்பாண்டி தலையை ஆட்டினார். அவன் போனதும் சுவிட்சைப் போட்டார்.

சிவபாண்டி சொன்னது, “இன்னும் முடியல அண்ணாச்சி. நான் சொல்லாம ஓட்டிராதிய.” சொல்லிவிட்டு மெஷினின் அந்தக் கடைசிக்குப் போய் மறுபடி கியருக்குள் கை விட்டிருந்தான்.

மூடி திறந்திருந்தால் மெஷின் ஓடவே கூடாது. அதைத் தடுக்கிற சுவிட்ச் எப்போதோ கெட்டுப்போய்ச் சரிசெய்யாமல் கிடந்தது. அவன் அலறியதும் இவருக்குக் கேட்கவில்லை. பக்கத்து மெஷின் வெள்ளைத்தாய் பாய்ந்து வந்து நிறுத்திய பிறகுதான் திரும்பிப் பார்த்தார். சிவபாண்டிக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

அன்று சாயங்காலம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“நாளைக்கு விசாரணையில உண்மையச் சொல்லிருங்க” என்றாள் மாரிச்செல்வி, அவர் முகத்துக்கு நேராக வந்து. “வேலை போனா போவுது. வேணும்னு செஞ்சியன்னு பேரு வந்துறக் கூடாது.”

“அந்தப் பய என்னைய என்ன நெனப்பான்?” என்றார். அவரை அறுத்தது அதுதான். வேலையைக்கூட அப்போது மறந்திருந்தார்.

மறுநாள் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுவது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஆபீசுக்குள் போனார். விசாரணை நடத்தும் பெர்சனல் ஆபீசர் கௌதம்ராஜ் உட்கார்ந்திருந்தார். சாட்சி சொல்ல வெள்ளைத்தாய் ஓரமாக நின்றாள். இருவர் முகத்திலும் மாஸ்க். சங்கிலிப்பாண்டி வாயைத் திறப்பதற்குள் கௌதம்ராஜ் கையமர்த்தி ஏதோ கேட்டார். கண்கள் தன்மையாகத்தான் இருந்தன. உட்காரச் சொல்கிறார் போல. பாழாய்ப்போன பழக்கம் முந்திக்கொண்டது. தலையை ஆட்டினார்.

கௌதம்ராஜ் கேட்டது, “ஓட்டக் கூடாதுன்னு சிவபாண்டி சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?”

அவர் அந்தத் தலையாட்டலை ‘ஆம்’ என்று எழுதிக்கொண்டார். சங்கிலிப்பாண்டி அப்போதுதான் கைகூப்பிக்கொண்டு சொன்னார். “சார், எனக்குக் காது கேக்காது. ரொம்ப வருசமாவே கேக்காது.”

கௌதம்ராஜ் வெள்ளைத்தாயைப் பார்த்தார். சங்கிலிப்பாண்டிக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாதே என்ற பதற்றம் அவளுக்கு. செவிடன் என்று ஒத்துக்கொண்டால் வேலை போய்விடுமே.

“அண்ணனுக்கா சார்? நல்லா கேக்கும். அம்புட்டு மெஷினு ஓடும்போதே எங்கூட நாள் பூரா பேசுவாரே” என்றாள்.

கௌதம்ராஜ் மாஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“காது கேக்காதவரு, நான் கேட்டதுக்கு மட்டும் எப்படிங்க ஆமான்னு தலையாட்டுனீங்க?”

அந்த உதட்டில் ஒவ்வொரு வார்த்தையும் சங்கிலிப்பாண்டிக்குத் தெளிவாகப் புரிந்தது. இந்த முறை அவர் தலையை ஆட்டவில்லை.