மகள் நீட்டிய இடது கை

பெண் குழந்தையைச் சாரணியர் படையில் சேர்த்தால் பெற்றோர் என்னவெல்லாம் எதிர்பார்க்கலாம் என்று பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. மகளின் டைரியில் ஒட்டியிருந்தார்கள். நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

அவள் மூன்றாம் வகுப்பு. முதல் பயிற்சி நாளன்று, டியூட்டி முடிந்து, வளைகுடாவில் நாங்கள் இருந்த ஃபஹாஹீல் வீட்டுக்குள் நான் நுழைந்ததும், யூனிஃபார்ம்கூட மாற்றாமல் ஓடிவந்து இடது கையை நீட்டினாள்.

"பெரியவங்ககிட்ட பீச்சாங்கையையா நீட்டுவ?" என்று பட்டென்று தட்டிவிட்டேன். அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் உறுதிமொழி விழா. ஸ்கார்ஃப் கட்டிய பிள்ளைகள் மைதானத்தில் தங்கள் அப்பா அம்மாவிடம் ஓடிப்போய் இடது கையால் கைகுலுக்கினார்கள். அதுதான் சாரணர் வழக்கம் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

என் மகள் வந்து வலது கையை நீட்டினாள்.

"லெஃப்ட் ஹேண்ட்மா," என்றார் ஆசிரியை.

"அப்பாவுக்கு மட்டும் ரைட் ஹேண்ட், மிஸ்," என்றாள் அவள்.

குலுக்கினேன்.

வீட்டுக்கு வந்து டைரியைப் புரட்டினேன். தாளின் மூன்றாவது வரி: 'மகள் இடது கையை நீட்டினால், நீங்களும் இடது கையையே கொடுங்கள்.'

கீழே, படித்துவிட்டேன் என்பதற்கு என் கையெழுத்து.