பீரோவில் இருந்த வார்த்தை

எங்கள் வீட்டு பீரோவைத் திறந்தால் முதலில் கைப்பிடி 'கிறீச்' என்று கத்தும், அடுத்து பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறும். தொண்ணூறுகளின் நடுவில், அப்பாவுக்கு கசார்வாடியில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை நிலைத்து, திருநெல்வேலியிலிருந்து எங்களைப் புனேவுக்கு வரவழைத்தபோது, அந்தப் பச்சை பீரோ இல்லாமல் ரயிலேற மாட்டேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். பீரோ லாரியில் வந்து சேர்ந்தது. வீட்டுக்காரம்மா அதைத் தடவிப் பார்த்து, "கபாட் சான் ஆஹே" என்று பாராட்ட, "பீரோன்னு சொல்லத் தெரியாம கபாட்டுங்கா பாரு" என்று அம்மா எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தாள். மராத்தியில் கபாட், தமிழில் பீரோ என்று நானும் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஊரில் நான்காவது வரை தமிழில் படித்த என்னை இங்கே இங்கிலீஷ் பள்ளியில் ஐந்தாவதில் சேர்க்கும்போது, தலைமையாசிரியை ஒரு நிபந்தனை வைத்தார். நாங்கள் அவரைப் 'பெரிய மிஸ்' என்போம். தீபாவளி லீவுக்கு முன் அவரே வகுப்புக்கு வந்து என்னைச் சோதிப்பார், தேறவில்லையென்றால் நான்காவதில் இறக்கிவிடுவார். நான்காவதில் இருந்தது என் தம்பி சுடலை. தம்பியின் வகுப்பில் போய் உட்காருவதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனோ, கேலியா அக்கறையா என்று தெரியாத குரலில், "ஜன்னல் பக்கம் ஒனக்கு எடம் போட்டு வைக்கேங்க்கா" என்றான். பதிலுக்கு அவன் முதுகில் ஒன்று வைத்தேன்.

வகுப்பில் 'வேர்டு பில்டிங்' என்று ஒரு வதை உண்டு. மிஸ் பலகையில் சில எழுத்துகளைப் போடுவார், ஒவ்வொருவராக எழுந்து அந்த எழுத்துகள் எல்லாம் வருகிற ஒரு வார்த்தையை எழுத்துக்கூட்டிச் சொல்லி, அர்த்தமும் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது. ஊர்ப்பெயர், ஆள்பெயர் அறவே கூடாது. சொல்லாதவர்கள் மணி அடிக்கும்வரை நிற்க வேண்டும், அந்த வகுப்பில் என் பெஞ்சு தேய்ந்ததே இல்லை.

வீட்டில் ஆங்கிலப் புத்தகம் ஏது? இங்கிலீஷ் எழுத்து எங்கே கண்டாலும் மேய்ந்தேன். சோப்புத்தூள் உறை, குக்கர் மூடி, பஸ்ஸின் பின்பக்கம், கடைசியில் பீரோக் கதவு. அதன் நெற்றியில் ஒரு தகரத்தகடு இருந்தது. அதில் மூன்று வார்த்தைகள். முதலாவது 'ஸ்டீல்', பாத்திரக் கடைகளில் பார்த்தது. மூன்றாவது 'ஒர்க்ஸ்', அப்பாவின் பட்டறைப் பலகையிலும் அதே. நடுவிலிருந்தது மட்டும் வாய்க்குள் நுழையவில்லை. செய்தவர் பெயராக இருக்கும் என்று விட்டுவிட்டேன், ஆனாலும் தினம் கதவுக் கண்ணாடியில் தலை சீவும்போது எதிரே நின்றதால் எழுத்துகள் மனப்பாடமாகிவிட்டன. "வாயில வந்தத ஒளறாத, தெரிஞ்சத மட்டும் சொல்லு" என்பார் அப்பா, சைக்கிளில் என்னை இறக்கிவிடும் ஒவ்வொரு காலையிலும். தெரிந்தது எதுவுமே இல்லையே என்று மனதுக்குள் அழுவேன்.

அந்த நாள் வந்தது. பெரிய மிஸ் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பலகையில் நான்கு எழுத்துகள்: பி, இ, ஏ, யூ. எனக்கு உயிர் வந்தது, 'பியூட்டி' தெரியும்! முதல் பெஞ்சுக்காரி அதைச் சொல்லிவிட்டாள். 'பியூட்டிஃபுல்' அடுத்தவளுக்குப் போயிற்று. 'பிகாஸ்' எனக்கு முந்தின பையன் வாயிலிருந்து விழுந்தபோது, நான்காவது வகுப்பின் ஜன்னலோர இடம் கண்முன் வந்து நின்றது.

எழுந்தேன். "யெஸ்?" என்றார் பெரிய மிஸ். கண்ணை மூடினால் பச்சைக் கதவும் தகடும் தெரிந்தன. அதில் பி இருந்தது, யூ இருந்தது, இ, ஏ எல்லாமே இருந்தன. ஆனால் அது ஆள்பெயர் ஆயிற்றே! சொன்னால் தோல்வி, சொல்லாவிட்டாலும் தோல்வி. சொல்லியே தோற்போம் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்: "பி... யூ... ஆர்... இ... ஏ... யூ." அவர் எழுதச் சொன்னார். எழுதினேன். வாசிக்கச் சொன்னார். "புரியாவு" என்றேன். வகுப்பு சிரித்தது.

"மீனிங்?"

அதை எங்கே பார்த்தேன் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பொருளுக்கு இங்கிலீஷில் என்ன என்று தெரியாது, பயத்தில் கபாட்டும் மறந்துபோயிற்று. இரண்டு கைகளாலும் காற்றில் கதவைத் திறந்து, உள்ளே அம்மாவின் சேலைகளை அடுக்கிக் காட்டினேன். என்னையறியாமல் தமிழ் வந்துவிட்டது: "மிஸ்... பீரோ."

பெரிய மிஸ்ஸின் புருவம் உயர்ந்தது. "ப்யூரோ," என்றார். "கரெக்ட்!"

எனக்கு ஒரே ஆச்சரியம். இவருக்குத் தமிழ் தெரியுமா! தெரிகிறது, ஆனால் பாவம், உச்சரிப்புதான் சரியில்லை. வெளியூர்க்காரரிடம் நாம்தானே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன்: "நோ மிஸ். பீரோ."

எங்கள் மிஸ் கண்ணாலேயே என்னை எரித்தார். பெரிய மிஸ் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு குழந்தை மாதிரி உதட்டைக் குவித்து, "பீரோ," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "லெட் ஹெர் ஸ்டே இன் ஃபிஃப்த்," என்று எழுந்து போய்விட்டார்.

"பெரிய மிஸ் தமிழ் பேசுதாங்கம்மா" என்று அன்று நான் வீட்டில் சொன்னதை நம்பி, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அம்மா அவரிடம் மூச்சுவிடாமல் நெல்லைத் தமிழில் குடும்பக்கதை முழுவதையும் சொல்லிவிட்டு வந்தாள். அவரும் தலையாட்டிக் கேட்டாராம். தகட்டில் இருந்ததும் அம்மா வாயில் இருந்ததும் ஒரே வார்த்தை என்பது, எட்டாவது படிக்கும்போது அகராதியைப் புரட்டித்தான் எனக்குத் தெரிந்தது.

இப்போது புனேயிலேயே ஹிஞ்சேவாடியில் குடியிருக்கிறோம். இந்த வீட்டில் அலமாரிகள் எல்லாம் சுவரோடு சுவராகவே இருக்கின்றன, இடமில்லை என்று பீரோவைப் பழைய இரும்புக்காரனுக்குத் தள்ளிவிட்டோம். அதைத் திறந்து மூடிய அம்மாவும் இல்லை. போன வாரம் என் மகள் கைபேசியில் எழுத்து சேர்க்கும் விளையாட்டில் திணறிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன், எழுத்துகள் எனக்கு உடனே பிடிபட்டன. "பீரோன்னு போடு. பி, யூ, ஆர், இ, ஏ, யூ" என்றேன்.

அவள் போட்டாள், பொருந்தியது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, வெளியூர்க்காரருக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்: "நோ அம்மா. ப்யூரோ."

இதோ பார், இதுதான் என்று தொட்டுக் காட்ட வீட்டில் ஒன்றும் இல்லை. நானும் உதட்டைக் குவித்து, அவள் சொன்னபடியே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.