உள்ளே மட்டும் கேட்ட உறுமல்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கார் ஓடுவதைத் தவிர வேறொன்றும் எனக்குச் சரிவரவில்லை. அதையும் பயந்து பயந்துதான் ஓடுவேன். டயர் வெடித்தால், பிறேக் பிடிக்காவிட்டால், எதிரே வருகிற பஸ்காரன் தூங்கிவிட்டால் என்று ஸ்ரார்ட் பண்ணும்போதே மனம் ஓடத் தொடங்கிவிடும்.

மன்னார் தோட்டவெளிக் கிராமத்தில் ஒருவருடைய வீட்டில் பல வருடங்கள் சாரதியாக இருந்தேன். கொழும்பில் வியாபாரம் செய்கிறவர், என்னிலும் இளையவர், ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பைத்தியம். நிலத்தோடு படுத்த மாதிரி இரண்டு கதவுள்ள பழைய கார் ஒன்றை இங்கே விட்டிருந்தார். லீவில் வந்தால் அதில்தான் திரிவார். மற்ற நாட்களில் அதை ஓடிப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அந்தக் காரில் நான் வேகமுள்ளைப் பார்ப்பதேயில்லை. மன்னாரில் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. கழுதைகள் நடு ரோட்டில் நிற்கும், படுத்தும் கிடக்கும். ஹோர்ன் அடித்தால் காதை மட்டும் ஆட்டும். கியரை இறக்கி இஞ்சினை ஒருதரம் உறும விட்டால்தான் எழும்பி விலகும். லொறிக்காரரும் ஓட்டோக்காரரும் அப்படித்தான் செய்வார்கள். நான் என் வேகத்தை அறிந்தது காதால், கழுதைகளைக் கலைத்தது சத்தத்தால்.

போன வருடம் அவர் அதை விற்றுவிட்டு பற்றரியில் ஓடும் புதிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றோடு வந்து இறங்கினார்.

"லீவு முடியுமட்டும் பழகுங்கோ அண்ணை. சரிவந்தால் இங்க விட்டிட்டுப் போறன். இல்லாட்டிக் கொழும்புக்குக் கொண்டு போகவேண்டியதுதான்."

கார் போனால் என் வேலையும் போகும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அக்சிலேற்றரில் காலை வைத்தால் கார் பாய்ந்தது. பாயப்போகிறேன் என்று ஒரு சொல்லும் சொல்லாமல் பாய்ந்தது. இரண்டாம் நாள் வாய்விட்டே சொன்னேன்.

"தம்பி, இது ஓடுதோ நிக்குதோ எண்டே விளங்குதில்லை."

"இஞ்சின் செத்துப்போச்செண்டு ஒப்பாரி வைக்கிறியள் போல" என்று சிரித்தபடி திரையில் எதையோ தொட்டார். பழைய கார் உறுமியது மாதிரியே உறுமியது. "பொய்க் கியரும் இருக்கு. மாத்திப் பாருங்கோ."

மாற்றினேன். முதுகில் பழைய காரின் அதே உதறல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த இரண்டு நாட்களும் கழுதை ஒன்றும் குறுக்கே படவில்லை, வேலை போகாமல் தப்பிவிட்டது என்றே நம்பியிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை தலைமன்னார் ரோட்டில் போனோம். அவர் பக்கத்தில் போன் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் நடு ரோட்டில் ஒரு கழுதைக்குட்டி படுத்திருந்தது, தாய் பக்கத்தில் நின்றது. கியரை இறக்கினேன். கார் அதிர உறுமியது. எழும்பவில்லை. இன்னொருதரம் உறும விட்டேன். தாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே நின்றது. பிறேக்கை மிதித்தபோது இரண்டு முழம் போதாமல் குட்டியில் மோதிவிட்டது.

இறங்கிக் கதவைச் சாத்தினேன். அப்போதுதான் தெரிந்தது. உள்ளே உறுமிக்கொண்டிருந்த கார் வெளியே ஊமையாக நின்றது. காற்றுச் சத்தம் மட்டும்தான்.

"அது ஸ்பீக்கர் சத்தம் அண்ணை, உள்ளுக்கு மட்டும்தான். உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சன்" என்றார் அவர், மெதுவாக.

படித்தவனாக இருந்தால் முதலிலேயே கேட்டிருப்பேனோ என்னவோ. குட்டியின் பின்கால் நொருங்கியிருந்தது. மிருக வைத்தியர் வந்து பார்த்தார். மறுநாள் அது செத்துப்போனது.

அவர் என்னை ஏசவில்லை. "உங்களில பிழையில்லை. சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுப் பழகுங்கோ, சரிவரும்" என்றார். பழகித்தான் பார்த்தேன். கால் கீழே போக மறுத்தது. சைக்கிள்கள் என்னை முந்திப்போயின. அப்படி மூன்று நாள் பார்த்துவிட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்தேன்.

"என்னால ஏலாது தம்பி."

அவர் காரோடு கொழும்புக்குப் போய்விட்டார்.

"அவரே பிழையில்லை எண்டவர். நீங்களேன் ஏலாதெண்டு வாயைத் திறந்தனீங்கள்?" என்று வீட்டில் மனுசி கேட்டாள்.

இப்போது மீன் லொறி ஒன்று ஓடுகிறேன். அதன் சத்தத்துக்குக் கழுதைகள் தூரத்திலேயே எழும்பி விலகுகின்றன. விலகிய பிறகும் நான் நிறுத்தி, இறங்கி, ரோட்டைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். மீன் பழுதாகிறது என்று முதலாளி ஏசுகிறார். இந்த வேலையும் எத்தனை நாளைக்கோ தெரியாது.